பதினாறு நட்டுகள்

கார்ச் சக்கரத்துக்கு நட்டு வாங்கப் போகிறவர் பழைய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லிவிட்டுக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். அதில் பாதிப் பேர் மறுநாள் திரும்பப் போய் நிற்பார்கள். மரை பொருந்தியிருக்காது, அல்லது நீளம் போதாது. பழையதைக் கொண்டுபோனால் இந்த அலைச்சல் இல்லை. நான் கொண்டுபோயிருந்தேன். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் காவல் நிலையத்தில் தயாரித்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், காரின் உரிமையாளருடைய கணவர் பொருந்தாத நட்டுகளைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டார் என்று ஒரு வரி வருகிறது. நேற்று அதை வாசித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டீர்கள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு சரியில்லை போலிருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பினீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் மனசு சரியாகத்தான் இருந்தது. 'தவறுதலாக' என்ற அந்த ஒரு சொல்தான் உறுத்தியது. அதை எடுத்துவிட வேண்டும். மற்றபடி அறிக்கை தெளிவாக இருக்கிறது.

அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைகளிலிருந்து அழுத்தமானிகள், எடைக் கற்கள், நட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சுகள் எல்லாம் எங்களிடம் வரும். சோதித்துப் பார்த்துச் சரியாக இருந்தால் அதன் மேல் ஒரு சின்னப் பச்சைச் சீட்டு ஒட்டுவோம். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். சோதித்த தேதி ஒன்று, மறுபடி சோதிக்க வேண்டிய தேதி ஒன்று. முதல் தேதியை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவதுதான் முக்கியம். எவ்வளவு நல்ல கருவியானாலும் அந்தத் தேதிக்குள் எங்களிடம் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பி வராத கருவியை நம்பக் கூடாது. எங்கள் வேலைக்கு அடிப்படையே அதுதான்.

என் மனைவி சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர். நாற்பத்திரண்டாம் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தொழிற்சாலை இருபத்துநான்கு கிலோமீட்டர் தள்ளி இடம் மாறியபோது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. ஒரு மாதம் போய்ப் பார்த்தாள். பிறகு பழைய வெள்ளைக் கார் ஒன்றைத் தன் பெயரில் வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவும் மாட்டேன். ஆம் என்றோ இல்லை என்றோ சட்டென்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

முதல் வாரம் அவளுக்குப் பயம் இருந்தது. "ஏங்க, ஓட்டிக்கிட்டிருக்கும்போதே சக்கரம் கழண்டுக்கிட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள். புதிதாக ஓட்டுகிறவர்கள் கேட்கிற கேள்விதான். "அதெல்லாம் கழலாது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் பாத்துக் குடுக்கறேன்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். அவள் சின்ன முக்காலியைப் போட்டு, டீ டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சக்கரத்துக்கு நான்கு நட்டு, நான்கு சக்கரத்துக்குப் பதினாறு. சக்கரத்துக்குச் சக்கரம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். ஒவ்வொரு நட்டையும் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும் வரை முறுக்க வேண்டும். வேகமாகச் செய்தால் ஐந்து நிமிட வேலை. நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

அந்த ஒரு மணி நேரமும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். "எங்க மேனேஜர் இருக்காரே, ஒரு பட்டன் குறைஞ்சா பத்து பேரைக் கூப்பிட்டு வெச்சு மீட்டிங் போடறார். அந்தப் பத்து பேரும் அந்த நேரத்துல தைச்சிருந்தா நூறு சட்டை முடிஞ்சிருக்கும்" என்பாள். யாருக்கு யாரோடு சண்டை, எந்தத் தையல்காரிக்கு எத்தனையாவது மாதம், ஊசி உடைந்து எந்தச் சட்டைக்குள் போனது, எல்லாம் எனக்குத் தெரியும். அந்த மனிதர்கள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மற்ற ஆறு நாட்களும் எங்கள் வீட்டில் பேச்சு என்றால் சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். ஒரு தடவை அவளே சொன்னாள். "உங்ககிட்ட பேசறதும் செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு. நட்டு முறுக்கறப்ப மட்டும்தான் உங்களுக்குக் காது திறக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இன்னொரு தடவை என் பையில் கிடந்த பச்சைச் சீட்டு ஒன்றை உரித்து என் சட்டையில் ஒட்டினாள். "உங்களுக்கு அடுத்த டெஸ்ட் எப்பன்னு எழுதுங்க" என்றாள். நான் அதை எடுத்து அவள் கார்க் கதவின் உள்பக்கம் ஒட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதினேன். அதிலிருந்து வாரா வாரம் புதுச் சீட்டு ஒட்டுவேன். நீங்கள் வண்டியைச் சோதித்தபோது கதவில் பார்த்த சீட்டு அதுதான். அதிலுள்ள தேதி கடந்துபோனது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நான்கு வருடங்கள் இப்படிப் போயின. கிட்டத்தட்ட இருநூறு ஞாயிற்றுக்கிழமைகள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இருநூறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நட்டுகூடத் தளர்ந்திருந்ததில்லை. ரெஞ்சை வைத்தவுடனே 'க்ளிக்' என்றுவிடும். "லேசா தளந்திருக்கு, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு முறுக்குவதுபோல் கையை அசைப்பேன். அவள் "நல்லவேளை பாத்தீங்க" என்பாள். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பிறகு ஒரு நாள் பங்க்சர் ஆனது. தொழிற்சாலைக்குப் போகும் வழியில் டயர் இறங்கிவிட்டது. சக்கரத்தைக் கழற்றப் பார்த்தால் வண்டியோடு வந்த இறுக்கமான ஸ்பேனர் நட்டில் ஏறவில்லை. பளபளப்புக்காக நட்டின் மேல் போட்டிருந்த மெல்லிய தகட்டு உறை உப்பிப் போயிருந்தது. சில வண்டிகளில் அப்படி ஆகும். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. தொழிற்சாலையில் ஜெனரேட்டர் பார்க்கிறவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து சுத்தியலால் தட்டிக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "அந்த ஜெனரேட்டர் அண்ணன் என்ன கேக்கறார் தெரியுமா? 'ஏம்மா, உங்க வீட்டுக்காரர் நட்டு முறுக்கறாரா, கரும்பு புழியறாரா'ங்கறார். வாரா வாரம் தொடவே வேணாமாங்க. சரியான நட்டா வாங்கிப் போட்டு, ஒரு தடவை அளவா முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை பாத்துட்டா, அப்புறம் டயர் மாத்தற வரைக்கும் திரும்பிப் பாக்க வேணாமாம்."

நான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

"புது நட்டு வாங்கிடுங்க. இனிமே ஞாயித்துக்கிழமை நீங்களும் தூங்கலாம், நானும் தூங்கலாம்" என்றாள்.

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு ஒரு வேலை குறைகிறது என்று நினைத்திருப்பாள். நான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்று என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை. அவள் தட்டுக்குப் பக்கத்தில் கார்ச் சாவி இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

உதிரிபாகக் கடைக்கு வருகிறேன். அந்தக் கடைக்காரர் ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் வைத்திருப்பார். கண்ணாடிக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். உங்கள் ஆட்கள் அவரை இரண்டு நாள் விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எனக்கு மிகத் தெளிவாக எடுத்துச் சொன்னார்.

"பழசு கொண்டாந்தீங்களா?" என்றார். நான் கைக்குட்டையைப் பிரித்தேன்.

"அடேங்கப்பா, கல்யாண மோதிரம் மாதிரி சுத்திக் கொண்டாந்திருக்கீங்க." நட்டை எடுத்து, நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்த ரெண்டுக்கும் மரை ஒண்ணுதான் சார், உயரமும் ஒண்ணுதான். வாயை மட்டும் பாருங்க. இது உருண்டை. உங்க ரிம்முல இருக்கற குழியும் உருண்டை. அதுல போய் அப்படியே அமுங்கி உக்காந்துக்கும். இது கூம்பு. தனியா வாங்கி மாட்டறாங்களே, பேன்சி ரிம்மு, அதுக்கு. இதை உங்க வண்டியில போட்டாலும் ஏறும். ரெஞ்சு க்ளிக்குன்னு சொல்லும், இறுக்கமாத்தான் தெரியும். ஆனா உக்காராது சார். குழியோட ஓரத்தை நூலளவு தொட்டுக்கிட்டு நிக்கும். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுல நாற்காலி நுனியில உக்காந்திருப்பாரே, அந்த மாதிரி. எப்ப எந்திரிச்சுப் போவார்னு சொல்ல முடியாது."

"எவ்வளவு தூரம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"ஏன் சார், போட்டுப் பாக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கூம்பு வாய் நட்டுப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லி வாங்கினேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சைக்கிள்தான் இருக்கிறது.

ஆகவே நான் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டையும் கையில் வைத்து, வாயைத் தடவிப் பார்த்து, எது பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். இருபத்தாறு வருடம் அளவு பார்த்தவன். உருண்டைக்கும் கூம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கி வந்தான் என்று ஒரு அரசாங்கத் தாளில் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாறையும் மாற்றினேன். எல்லாம் 'க்ளிக்' என்றன. "அவ்ளோதானா? இனிமே தொட வேணாமா?" என்று கேட்டாள். "புது நட்டு. பழக வேண்டாமா? கொஞ்ச நாளைக்கு வாரா வாரம் பாக்கணும்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெஞ்சை வைத்தபோது அது உடனே சொல்லவில்லை. கை நகர்ந்தது. கொஞ்சம்தான், கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் அளவுக்கு. முதல்முறையாக உண்மையிலேயே தளர்ந்திருந்தது. "லேசா தளந்திருக்கு" என்றேன். நான்கு வருடங்களாகச் சொல்லிவந்த வார்த்தை அன்றுதான் உண்மையானது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பொய் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தமான விஷயம் இல்லை.

நான் கவனக்குறைவாக இருக்கவில்லை. ஒரு குறிப்பேட்டில் பதினாறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு நட்டும் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதினேன். அதை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவள் வாரத்துக்கு இருநூற்றெண்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டினாள். அந்தத் தூரத்துக்கு எந்தச் சக்கரமும் ஆபத்தான அளவுக்குத் தளரவில்லை. முன் இடது சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக நகரும். அதையும் எழுதியிருக்கிறேன். பதினோரு வாரங்கள். ஒரு வாரம்கூட நான் தவறவிடவில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்த வாரம்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் முறுக்கினேன். அன்று அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "உங்களுக்கு என்மேல இவ்ளோ அக்கறையா?" என்றாள். குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் எனக்குத் தேதி ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் அவர்களுக்குப் புதுக் கிளை திறக்கிறார்களாம். அதை இவள் பொறுப்பில் விடுகிறார்களாம். தங்க அறையும் கொடுக்கிறார்களாம். இதெல்லாம் ஒரு மாதமாகவே தெரியும் போலிருக்கிறது. நாலு ஞாயிற்றுக்கிழமைகள் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கதையும் ஊசிக் கதையும் சொன்னவள் இதைச் சொல்லவில்லை.

"மூணு மாசம் இருந்து பாக்கறேன்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம்." புடவையை மடித்து வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு மூச்சு முட்டுதுங்க. உங்க மேல கோவம் எல்லாம் இல்ல. நீங்க நல்லவர்தான். ஆனா இந்த வீட்டுல சத்தமே இல்ல."

சத்தம் இல்லை என்பது உண்மைதான். அதற்கு நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் பெட்டியை மூடிவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கிளம்பினாள். அது ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் நின்றேன். நட்டுகளை முறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன். போகிற வழியில் காற்று பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

இல்லை. அது சரியான அளவு இல்லை. இன்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்வதற்குத்தான் வந்திருக்கிறேன். அவள் கேட்டாள். காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "நட்டு பாக்கணுமா? ஒரு பத்து நிமிஷம் ஆகுமா?" என்று கேட்டாள். பத்து நிமிஷம் என்றாள். அதுவரை ஒரு மணி நேரமாக இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

அவளுக்கு எந்தக் கெடுதலும் வர வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சக்கரம் திடீரென்று கழன்றுவிடாது. முதலில் ஸ்டியரிங் நடுங்கும். பிறகு சத்தம் வரும். அது போதுமான எச்சரிக்கை. எதையும் கவனிக்கிற பெண் அவள்; ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பாள். நடுக்கம் வந்தால் என்னைக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும். போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். வேலையிலும் வைத்திருந்தேன். எங்கள் கூடத்தில் அதற்கு அனுமதி இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஸ்டியரிங் ஒரு மாதிரி ஆடுது. இடது பக்கம் டக்டக்குன்னு சத்தம் வேற."

அவள் குரலைக் கேட்டு நான்கு நாட்கள் ஆகியிருந்தன. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நான் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "ம், சாப்பிட்டேன். நீங்க?" என்றாள்.

"இங்க பக்கத்துல ஒரு மெக்கானிக் இருக்கார். அவர்கிட்ட காட்டிடட்டுமா?" என்றாள்.

எந்த மெக்கானிக்கும் சக்கரத்தைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். சரியான நட்டுகளைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இருக்காது.

"வேணாம். கண்டவங்க கையில குடுக்காதே. சத்தம் வந்தா ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா, நான் பாக்கறேன்" என்றேன்.

"அவ்ளோ தூரம் ஓட்டலாமா?"

"மெதுவா வா."

"சரி, வரேன்" என்றாள். போனை வைப்பதற்கு முன், "முக்காலி அங்கயேதான இருக்கு?" என்று கேட்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் நான் அங்கே போயிருக்கலாம். ரெஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு அன்று மத்தியானமே போயிருக்கலாம். அதை யோசிக்காமல் இல்லை. பஸ் நேரம்கூடப் பார்த்தேன். ஆனால் நான் போனால் நான் போனதாக ஆகிவிடும். அவள் வர வேண்டும். வந்தால்தான் திரும்பி வந்ததாக அர்த்தம்.

நான் அந்தக் கடையில் வாங்கியது ஒரு பெட்டி அல்ல என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்காரரைக் கேட்டால் சொல்வார். இரண்டு பெட்டிகள். உருண்டை வாய் நட்டுகள் பதினாறு, அதே நாளில், அவள் வண்டிக்கு என்று சொல்லி வாங்கியவை. பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துத் துடைத்தேன். அவள் வந்தவுடன் இவற்றைப் போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவள் வருகிறாள் என்றால் இனி அந்தக் கூம்பு வாய் நட்டுகள் தேவையில்லை. அவ்வளவு மோசமான ஆள் இல்லை நான்.

வாசலைப் பெருக்கினேன். ஜாக்கி, ரெஞ்ச், முக்காலி, நட்டுப் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். டீ போட்டு மூடி வைத்தேன். ஒன்பது இருபதுக்குப் போன் வந்தது.

"சக்கரம் போயிடுச்சுங்க" என்றாள். அவள் குரல் மாதிரியே இல்லை. "சக்கரம் தனியா ஓடிப்போய்... அங்க ஒருத்தர்... நீங்க வாங்க. உடனே வாங்க."

ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம். ஒரு சின்ன ஊரின் கடைத்தெரு. கார் சாலையோரமாக முன் இடது பக்கம் தரையில் சாய்ந்து நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் கணக்குப் போட்டபடிதான். மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். சக்கரம் மட்டும் எதிர்ப்பக்கம் உருண்டு போய்ச் செருப்புக் கடை வாசலில் கிடந்தது. கடைக்காரர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஷட்டரைத் தூக்குவதற்காகக் குனிந்திருந்தாராம். அவர்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. அவருக்கு இரண்டு பெண்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவரைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. நான் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. அதை வேண்டுமானால் தவறு என்று எழுதிக்கொள்ளலாம்.

அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். என் கையில் நட்டுப் பெட்டி இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சக்கரம் கழன்றால் நட்டு வேண்டும் அல்லவா. அவள் அதை வாங்கித் திறந்து, ஒரு நட்டை எடுத்து, அதன் வாயை விரலால் தடவிப் பார்த்தாள். மடியில் ஒரு நட்டு வைத்திருந்தாள். சக்கரத்திலிருந்து தெறித்து விழுந்ததை யாரோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தரம் பார்ப்பதுதானே அவள் வேலை.

"இது எப்ப வாங்கினது?" என்றாள்.

"அன்னிக்கே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்றோடு பத்தொன்பது நாட்கள். உங்களிடமும் சொல்லவில்லை என்று தெரிகிறது. 'வண்டி என்னுடையது, ஓட்டியது நான்' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். போன் செய்தால் அக்கா எடுத்து, "தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க மாப்ள" என்கிறாள்.

வழக்கு அவள்மேல் இருக்கக் கூடாது. இருக்க வேண்டியது என்மேல். நட்டைத் தேர்ந்தெடுத்தது நான், மாட்டியது நான், தளரும் என்று தெரிந்து அனுப்பியது நான், மெக்கானிக்கிடம் போகாதே என்று சொன்னது நான். இப்போது எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் கோபம் தணிய நாள் ஆகும். ஆகட்டும். எனக்குக் காத்திருக்கத் தெரியும். இங்கே வருகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, சிறைச்சாலை வாசலில் போட்டிருக்கும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. நான் அவளுக்காகத்தான் இங்கே வந்து சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியவரும்போது அவள் வருவாள். காவலரிடம் விசாரித்தேன். கம்பிக்கு வெளியே எல்லோரும் நின்றுகொண்டுதான் பேச வேண்டுமாம். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு முக்காலி போட அனுமதிக்கும்படி நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.